தையல் மெஷின் போட்ட தாளம்

வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு பேச முடியாது, ஆனால் எழுதலாம். தையல்காரி பாட்டு எழுத வந்த கதை இவ்வளவுதான். இதற்கு மேல் மேதை, பிறவி ஞானம் என்று யாராவது அளந்தால் நம்ப வேண்டாம்.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், அவளுடைய நாத்தனார் தையல் அறையில் உட்கார்ந்து அழாத குறையாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருகிறவள். அப்போதுதான் ஒரு நாடகக் குழு, தங்கள் இசை நாடகத்துக்கு மெட்டுப் போடச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. மெட்டு தயார். பாட்டு எழுத வேண்டியவரோ குழுத் தலைவரோடு சண்டை போட்டுக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார். துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் சின்னக் கீபோர்டை வைத்து, நாத்தனார் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. வாயில் ஐந்து குண்டூசி, கையில் சாக்பீஸ், எதிரே ஒரு வங்கி மேலாளரின் பேண்ட். அதன் உள்பக்கத்தில் நாலு வரி எழுதி நாத்தனாரின் மடியில் எறிந்தாள்.

நாத்தனார் பாடிப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி மெட்டில் உட்கார்ந்தது.

"அண்ணி, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

ஊசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு தையல்காரி சொன்னாள்: "சீக்கிரம் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு பேண்ட்டைக் குடு. நாளைக்கு அவர் வந்து நிப்பார்."

அதையும் சேர்த்து பதினோரு நாடகங்கள் ஆயின. அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையுமாக இருந்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, இவர்கள் அதைப் படிக்கவில்லை. இவர்களுக்கு வேறு சட்டம் இருந்தது. மெஷின் ஓடும்வரை பாட்டு ஓடும். பாபினில் நூல் தீர்ந்தால் டீ. டீ ஆறுவதற்குள் ஒரு வரியாவது அடிபட வேண்டும். அடிபட்ட வரிக்கு யாரும் முகத்தைத் தூக்கக் கூடாது. தையல்காரிக்கு ஊரில் வேறு சிநேகிதி கிடையாது. தேவைப்படவும் இல்லை.

பன்னிரண்டாவது நாடகத்தில்தான் வினை வந்தது.

அது ஒரு தையல்கடையில் நடக்கும் கதை. கடல் கடந்து வேலைக்குப் போகும் மகளுக்கு, கடைசி நிமிடத்தில் ஒரு கோட்டுத் தைத்து முடித்துத் தருகிறாள் ஒரு அம்மா. கடைசிப் பாட்டு அங்கேதான். 'இன்னும் ஒரு பொத்தான், கண்ணே, இருந்துவிட்டுப் போயேன்' என்று தையல்காரி எழுதியிருந்தாள். எழுதும்போதே இரண்டு முறை மூக்கைச் சிந்தினாள். ஒத்திகையில் கேட்டபோதோ யாரும் மூக்கைச் சிந்தவில்லை. பாட்டு தலைதெறிக்க ஓடியது. அதுமட்டுமல்ல, அந்த நாடகத்தின் எல்லாப் பாட்டும் ஓடின. நடிகர்கள் மூச்சு வாங்கினார்கள்.

குழுத் தலைவருக்கு விசில்காரர் என்று பெயர். ஒத்திகையை நிறுத்த வேண்டுமென்றால் வாய் திறந்து சொல்ல மாட்டார். கழுத்தில் தொங்கும் விசிலை ஊதுவார். அன்று ஊதிவிட்டுச் சொன்னார்: "மக ஊருக்குப் போறா. அம்மா பாடுறதைக் கேட்டா ரயிலைத் துரத்துற மாதிரி இருக்கு. மத்ததை நான் பொறுத்துக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பாட்டு சரியாகணும். இல்லேன்னா இனிமே பாட்டுக்கு வேற ஜோடியைப் பாத்துக்கிறேன்."

"வார்த்தை ஜாஸ்தி அண்ணி, அதான் ஓடுது" என்றாள் நாத்தனார்.

"வார்த்தையைச் சொல்லாதே. உன் மெட்டுக்குத்தான் ஜுரம்."

அவ்வளவுதான். இருபது வருடத்தில் முதல்முறையாக இருவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரே வீட்டின் மாடியும் கீழுமாக இருந்துகொண்டு, மூன்று நாள் பேச்சில்லை. நடுவில் மாட்டியவர் தையல்காரியின் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டுநர். "உங்க தங்கச்சிகிட்ட உப்பு வேணுமான்னு கேளுங்க." "அண்ணிகிட்ட வேண்டாம்னு சொல்லு அண்ணா." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "நான் பஸ்ஸே ஓட்டிக்கிறேன்" என்று மனுஷர் விடுமுறை நாளிலும் டிப்போவுக்குக் கிளம்பினார்.

தையல்காரிக்குப் பயமாக இருந்தது. நாடகம் போனால் போகட்டும். நாத்தனாரும் போய்விட்டால்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகளாக நடிப்பவளின் கோட்டுத் தோளைச் சரிசெய்ய அவள் அரங்குக்குப் போனாள். வழக்கம்போல வாயில் குண்டூசி. மேடையில் அவளுடைய பழைய கால் மெஷின் நின்றிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் மோட்டார் மெஷின் வாங்கித் தந்ததும், இடத்தை அடைக்கிறதே என்று பழையதைக் குழுவுக்குக் கொடுத்திருந்தாள். அம்மாவாக நடித்தவள் அதைத் தாறுமாறாக மிதித்தாள். சக்கரம் பின்னால் சுற்றி நூல் சிக்கிக்கொண்டது. தையல்காரிக்குக் கை பரபரத்தது. விறுவிறுவென்று மேடையேறினாள், நடிகையை நகர்த்தினாள், சிக்கை எடுத்தாள், உட்கார்ந்து மிதித்துக் காட்டினாள். கால் தன் பழைய நடையைத் தானே பிடித்துக்கொண்டது.

தட்... தடக். தட்... தடக்.

கீழே பியானோவில் இருந்த நாத்தனார் தலை தூக்கினாள். கை தானாகக் கட்டையில் விழுந்தது. அதே மெட்டு, அதே வார்த்தை. ஓட்டம் மட்டும் இல்லை. 'இன்னும் ஒரு பொத்தான், கண்ணே' என்று நடிகை பாட, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு விட இடம் கிடைத்தது. திரைச்சீலை இழுப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி, நிறுத்தாதீங்க! மோட்டார்! ஆறு மாசமா நாம மோட்டார் ஓடுற வேகத்துக்கு மெட்டுப் போட்டிருக்கோம்! குத்தம் உங்க மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல. எல்லாம் அண்ணன் மேல!"

தூது சொல்ல வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் எழுந்தே விட்டார். "ஆசையா வாங்கிக் குடுத்தேன். என்னையே குத்தவாளி ஆக்கிட்டீங்களே!"

தையல்காரி குனிந்து மெஷினையே மிதித்தாள். வாயில் ஊசி இருக்க, சிரிப்பை அடக்குவது லேசான காரியமா?

நடிகைக்கு மிதிக்கவும் பாடவும் சேர்ந்து வரவில்லை. ஆகவே மறுநாள் அரங்கேற்றத்தில், ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடையில் வேலை செய்யும் பெண்ணாகத் தையல்காரியே உட்கார்ந்தாள். மற்றப் பாட்டுகளின் ஓட்டத்தையும் அவள் காலே பிடித்து நிதானமாக்கியது. கடைசிப் பாட்டும் வந்தது. மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அம்மா பாடி முடித்தாள். மெஷின் நின்றால் பியானோவும் நிற்க வேண்டும் என்பது பேச்சு.

ஆனால் மெஷின் எப்போது நிற்பது என்று யாரும் பேசி வைக்கவில்லை. பியானோ ஓயட்டும் என்று தையல்காரி மிதித்தாள். மெஷின் ஓயட்டும் என்று நாத்தனார் வாசித்தாள். ஒரு சுற்று போனது, இரண்டு போனது. மூன்று நாள் பேசாமல் இருந்தவர்கள். முதலில் நிறுத்த இருவருக்கும் மனம் வரவில்லை. ஜனங்கள் அந்தத் தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். பாபினில் நூல் தீர்ந்துபோனது, அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் திரைக்குப் பின்னாலிருந்து விசில்காரர்தான் விசிலை ஊத வேண்டியதாயிற்று.