கொல்லைக் கதவின் உயரம்

சம்பா அறுப்பு முடிந்து கை சும்மா இருந்த மாதத்தில், தஞ்சாவூர் போய் மரவேலை மிஷின் ஒன்று வாங்கி வந்து கொட்டகையில் நிறுத்தினேன். அறுக்க, இழைக்க, துளை போட எல்லாம் ஒன்றிலேயே. என் மனைவி நட்டு வளர்த்த பலா புயலில் விழுந்ததிலிருந்து, அதில் அறுத்த இரண்டு அகலப் பலகைகள் பரணில் கிடந்தன. கொல்லைக்குக் கதவு செய்யத்தான் அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பழுதானால் வேறு கிடையாது.

மிஷினின் மேசை இரண்டு முழம்தான். நீளப் பலகையை இழைக்க விட்டால், வெளியே வந்த முனை பாரத்தில் தொங்கும். வால் மேலே எழும்பி பிளேடில் மாட்டும். அதனால் பலகை வெளிவரும் பக்கம் இரும்புக் கால் கொடுத்து, ஒட்டுப்பலகை வைத்து மேசையை நீட்டினேன்.

வயலில் பரம்படித்துத் தண்ணீர் கட்டினால் மேடு பள்ளம் தானே தெரிந்துவிடும். முப்பது வருஷமாக எனக்கு அதுதான் சாட்சி. கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி, நீட்டிய பலகையின் இரு முனையிலும் பிடித்து, மயிரிழை பிசகாமல் மட்டம் வைத்தேன்.

மனைவி நடவுக் கயிற்றோடு வந்தாள். "ஏங்க, மிஷின் மேல ஒரு முனையப் பிடிங்க. இழுத்துப் பாத்துடலாம்."

"தண்ணி பொய் சொல்லாதுடி. போய் வேலையப் பாரு."

எரிந்துதான் விழுந்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அவள் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

முதல் பலகை வழவழவென்று போனது. கடைசியில் டர்ரென்று ஒரு சத்தம். வால் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு, விரல் அழுந்தும் பள்ளம்.

அவளே கயிற்றை எடுத்து, மிஷின் மேசையோடு படியவைத்து இழுத்துப் பிடித்தாள். ஒட்டுப்பலகையின் கோடியில், கயிற்றுக்குக் கீழே ஒரு விரல்கடை இடைவெளி.

"தண்ணி பொய் சொல்லலங்க. மிஷினுதான் சாஞ்சு நிக்குது."

மழைத் தண்ணீர் ஓடட்டும் என்று கொட்டகைத் தரையைச் சரிவாகப் போடச் சொன்னதே நான்தான். ஒட்டுப்பலகை பூமிக்குச் சமமாக இருந்தது, மிஷினுக்குச் சமமாக இல்லை.

கயிற்றுக்குச் சரியாகக் கோடியை உயர்த்தினோம். இரண்டாவது பலகை கீறல் இல்லாமல் வந்தது. ஆனால் ஜோடி சேர வேண்டுமே! பள்ளத்தை அறுத்தெடுத்தேன், நல்ல பலகையிலும் அதே ஒரு சாணை அறுக்க வேண்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கதவு நிலையையும் குறைந்துபோன அந்த உயரத்துக்கே வைத்தோம். அவள் குள்ளம், துணிக்கூடையோடு நிமிர்ந்தே போய் வருகிறாள். நான் தினமும் குனிந்துதான் போகிறேன். "தலை பத்திரம்ங்க" என்று பின்னாலிருந்து அவள் சொல்லத் தவறுவதில்லை.