கேட்டில் மங்கிய ஹெட்லைட்

பெருமாநல்லூர் கம்பெனியிலிருந்து காரில் திரும்பும்போது இருட்டிவிட்டது, தூறல் வேறு. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ரயில்வே கேட்டில் நின்றதும் ஹெட்லைட் மங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று எரிந்தது, விட்டால் மறுபடி மங்கியது. பேட்டரிதான் என்று நானே முடிவுகட்டி, விடாமல் மிதித்தேன்.

பின்னாலிருந்த லாரிக்காரர் ஓயாமல் ஹாரன் அடித்தார். எரிச்சலில் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன்: “கேட்டு மூடியிருக்கறது தெரியலீங்களா?”

அவர் இறங்கி ஓடிவந்தார். “ஏனுங்க, மொதல்ல எஞ்சினை நிறுத்துங்க! வண்டிக்கடியில பொகை வருதுங்க, புள்ளைய எறக்குங்க!”

மகளை வாரிக்கொண்டு இறங்கினேன். அவர் பானட்டைத் திறந்தார். டைனமோ பெல்ட்டில் ஒரு துணி சுற்றிக் கருகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எல்லார் வண்டியிலும் கிடக்கும் பனியன் வேஸ்ட்தான், பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி. காலையில் ஆயில் பார்த்துவிட்டு, கை துடைத்து உள்ளேயே மறந்திருக்கிறேன். அது சிக்கியதால் பெல்ட் வழுக்கி, விளக்குக்குக் கரண்ட் போதவில்லை. நான் மிதிக்க மிதிக்கத் துணி சூடேறியிருக்கிறது.

கேட் திறந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரால் துணியைக் கிழித்தெடுத்துக்கொண்டிருக்க, வழியில் நின்ற அவருடைய லாரியைப் பார்த்து எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் ஹாரன் கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் கத்துவதற்கு முன், முதலில் என் வண்டியைப் பார்க்கிறேன்.