பச்சைப் பூத்துணியில் ஆறு வட்டங்கள்

அவர் பஸ் டிரைவர். படிக்கட்டில் சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்ததும், ஸ்டியரிங் பிடித்தே பழகிய கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. கால் மாவுக்கட்டில் கிடந்தால் வாய் சும்மா இருக்குமா? வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்தும் மனைவிக்கே வழி சொல்லத் தொடங்கிவிட்டார். அவள் காலர் தைக்கும்போது, "மெதுவா, மெதுவா... வளைவு வருது பாரு" என்பார்.

பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலையில் ஒரு பை நிறைய வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்து அவர் மடியில் கொட்டினாள்.

"நீங்க டீ வச்சு வச்சு என் கட்டிங் டேபிள் முழுக்க வட்டம் வட்டமா கறை. டம்ளருக்கு அடியில வைக்க கோஸ்டர் செஞ்சு குடுங்க. கைக்கும் வேலை, வாய்க்கும் லீவு."

முணுமுணுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். முதலில் பழைய அட்டையை வெட்டித் துணி ஒட்டினார். பசை அதிகமாகித் துணி சுருங்கியது. ஒரு சொட்டு டீ பட்டதும் அட்டை உப்பிக்கொண்டது. அப்புறம் மனைவியிடம் சொல்லி கார்க் ஷீட் வாங்கிவரச் செய்தார். டப்பா மூடியை வைத்து வட்டம் கீறி, பசையை மெல்லிசாகத் தடவி, துணியை இழுத்து ஒட்டி, ஓரத்தில் கலர் நூலால் தைத்து, மேலே வார்னிஷ் பூசினார். ஜன்னல் திட்டில் அவை காய்கிற வரைக்கும் ஒரு ஈயைக்கூட அண்டவிடவில்லை. மனைவியே வந்து கையில் எடுத்து, "பரவால்லையே!" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதாதா? மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அவள் பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். மிஷின் பக்கத்துக் கூடையில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூப்போட்ட பச்சைத் துணி. பார்த்தார், மயங்கினார், ஆறு வட்டம் வெட்டினார்.

அவள் திரும்பி வந்து கூடையைத் துழாவினாள்.

"இங்க இருந்த கை எங்கங்க?"

"எந்தக் கை?"

"நம்ம தெரு நர்ஸம்மா போட்டுக்கத் தைக்கக் குடுத்த கவுனோட கை! நாளைக்கு அவங்க அக்கா பொண்ணுக்குப் பொறந்தநாள். இன்னைக்கு சாயங்காலம் வாங்க வர்றாங்க!"

அவர் ஜன்னல் திட்டைக் காட்டினார். அவள் பார்த்தாள்; தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெட்டினது நான். நானே சொல்லிக்கறேன்" என்றார்.

நர்ஸ் வந்ததும் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"சிஸ்டர், உங்க ரெண்டு கையையும் நான் வெட்டிட்டேன்."

நர்ஸ் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். "ரெண்டும் இருக்கேண்ணே?"

விஷயம் விளங்கியதும் அவள் முகம் வாடிவிட்டது. ஆசைப்பட்டு எடுத்த துணி. கடையில் அதுதான் கடைசித் துண்டு.

"கையில்லாமலே முடிச்சுத் தர்றேம்மா. ஓரத்துல வெள்ளைப் பட்டி வச்சா எடுப்பா இருக்கும்" என்றாள் தையல்காரி.

"நான் கையில்லாம போட்டதே இல்லக்கா..."

இருந்தாலும் தைத்து முடிக்கும்வரை காத்திருந்தாள். உள்ளறையில் போட்டுப் பார்த்தவள் கண்ணாடி முன்னால் இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி, வெளியே வர வெகுநேரமானது.

"நல்லாத்தான்கா இருக்கு. ஆனா என் கையை இங்க விட்டுட்டுப் போகமாட்டேன்" என்று சொல்லி, ஆறு கோஸ்டரையும் அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டிரைவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பிறந்தநாள் வீட்டில் அவள் கவுனையும் ஜூஸ் டம்ளருக்கு அடியில் இருந்த வட்டங்களையும் மாறிமாறிப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரமே துணியோடு வந்தார்கள். ஒருத்தி வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா, எனக்குக் கையும் வேணும், கோஸ்டரும் வேணும். துணி கொஞ்சம் அதிகமாவே எடுத்துட்டு வந்திருக்கேன்."

இப்போது அவர் கால் தேறி மறுபடியும் பஸ் ஓட்டுகிறார். லீவு நாளில் முன்னறையில்தான் இருப்பார். எந்தத் துணிக்கு எந்த நூல் என்று இரண்டு பேருக்கும் ஓயாத தர்க்கம். போன வாரம் ஊதா நூல்தான் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அவள் சிரித்துக்கொண்டே ஊதா நூல்கண்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.