முப்பத்து நாலு வயதில் புதுப் பந்து

ஓடி வருவது பத்தொன்பது தப்படி. பந்து கையை விட்டுப் போன பிறகு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி நடப்பது அதைவிடக் கூடுதல். நாள் முழுக்க இதையே செய்கிற ஒருவரை ஓடுகிறவர் என்பதா, நடக்கிறவர் என்பதா? மௌலா அலி ரயில்வே ஊழியர் குடியிருப்பில் வளர்ந்து, பதினோரு பருவங்கள் ஹைதராபாத் ரஞ்சி அணிக்கு வேகப்பந்து வீசிய வரதராஜனைப் பார்த்தால் இந்தக் கேள்விதான் வரும். அவரையே கேட்டால், "நடக்கும்போதுதான் சார் யோசிக்க முடியும். ஓடும்போது யோசிச்சா பந்து லெக் சைடுல போயிடும்" என்பார்.

புது ஷூ வாங்கிய அன்றே இடது ஷூவின் முனையில் பிளேடால் வட்டமாக ஓட்டை போட்டுவிடுவார். பந்தை விடும் கணத்தில் உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலில் இறங்கும். கட்டைவிரல் முன்னே மோதி நகம் கறுத்து உதிரும். ஓட்டை இருந்தால் விரலுக்கு ஒரு வழி.

"வீட்டுக்கு வர்றவங்க எலி கடிச்சிருக்குன்னு சொல்றாங்க. நானும் ஆமான்னு சொல்லிடுறேன். விளக்கறதைவிட அது ஈஸி" என்கிறார் மனைவி உஷா.

மகத்தான பந்துவீச்சாளர் என்று சொல்வதற்கில்லை. வேகம் நூற்று முப்பதைத் தாண்டுவது அரிது. ஸ்விங்கும் காலையில் முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான். ஆனால் ஆடுகளம் செத்துக் கிடக்கும் மூன்றாம் நாள் மதியத்தில் கேப்டன்கள் அவரிடம்தான் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். மற்றப் பந்துவீச்சாளர்கள் அந்நேரம் கேப்டனின் கண்ணில் படாமல் எல்லைக்கோட்டருகே நின்றுகொள்வதும் ஒரு காரணம். பவுண்டரி போனால் இடுப்பில் கைவைத்து நிற்க மாட்டார். "இன்னொண்ணு போடுவோம்" என்று பந்தைப் பேன்ட்டில் தேய்த்தபடி நடப்பார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்த மத்திய அரசு அலுவலகத்தில், டிவியில் எப்போது வருவீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "இருக்கிற டிவியை வித்துடாதீங்க."

போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில், எதிரணியின் கடைசி ஜோடி அசையாமல் நின்றது. அரை மணி நேரம் மிச்சம். வரதராஜன் போட்ட பந்தில் ஸ்டம்ப் பறந்தது. கட்டிக்கொண்டவர்கள் விலகிய பிறகுதான் நடுவரின் நீட்டிய கையைப் பார்த்தார். நோபால். கால் கோட்டைத் தாண்டியிருந்தது. முழங்கால் வலிக்கு இடம் கொடுத்து, ஓட்டம் தொடங்கும் குறியை அன்று காலை அரைத் தப்படி முன்னே வைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டம் டிரா ஆனது. இந்தப் பருவத்தின் உத்தேச அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. முப்பத்து நாலு வயதில் ஒரு பருவம் வெளியே இருந்துவிட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவருக்குப் பல வருடம் விக்கெட் கீப்பராக நின்ற நூர் முகமது இப்போது பயிற்சியாளர். வேலூர்க் குடும்பம், பிறந்தது ஹைதராபாத்தில்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவிடும். பட்டியலில் இல்லாதவர்களுக்கான தேர்வு உப்பல் மைதானத்தில் நடந்த காலை, அவர் வரதராஜனை வரச் சொல்லியிருந்தார். ஜூனியர் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் வேலை. ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்திட்டால் போதும். பந்தலுக்கடியில் மேஜையும் காலி நாற்காலியும். எதிரே வெயிலில், முதுகில் எண் துணி குத்திய இருபது வயதுக்காரர்களின் வரிசை.

"உக்காரு வரதா. சாயா வருது. குடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"ஒருத்தருக்கு எத்தனை பந்து குடுக்குறீங்க?"

"பன்னெண்டு. உனக்குக் கைக்கு அது, எதுக்குக் கேக்குற?" நூர் முகமது நிமிர்ந்து பார்த்தார். "நக்கோ வரதா, வேணாம். நீ ஆட ஆரம்பிச்சப்போ இவங்கள்ல பாதிப் பேரு ஸ்கூலுக்கு டிபன் பாக்ஸ் தூக்கிட்டுப் போனவங்க. மானம் போயிடும்."

"எனக்கா, உனக்கா?"

நூர் முகமது சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுல நீ தேறலைன்னா அந்த நாற்காலியும் இருக்காது. நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. ஹவ், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுடா."

வரதராஜன் அடுத்து ஏன் அப்படிச் செய்தார் என்று உஷா பலமுறை கேட்டும் இன்றுவரை சொன்னதில்லை. கடிதத்தை மடித்து நூர் முகமதின் சட்டைப் பையில் வைத்தார். பதிவேட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். எண்பத்தேழு என்று அச்சிட்ட துணியையும் நான்கு ஊக்குகளையும் எடுத்து நண்பரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் குத்துவதற்குத் தோதாக முதுகைக் காட்டி நின்றார்.