ஆலா வட்டமிடும் இடம்

எங்கள் வீட்டில் ஊதுபத்தி மணம் வந்தால் அன்றைக்கு மீன் குழம்பு என்று அர்த்தம். சமையலறை ஜன்னல் விளிம்பில் இரண்டு, வாசற்கதவுக்கு உட்புறம் இரண்டு, குளியலறைப் பக்கம் ஒன்று என்று அம்மா செருகி வைப்பாள். சாமி படத்துக்கு மட்டும் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. மல்லிகை என்று அட்டையில் போட்டிருந்த அந்தப் புகையும், புளி கொதிக்கிற வாடையும், மீனும் சேர்ந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் எந்தக் கோயிலில் யார் ஊதுபத்தி ஏற்றினாலும் எனக்கு முதலில் நாக்கில் எச்சில் ஊறுகிறது, அடுத்தாற்போல் யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஒரு கூச்சம் வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டில்லியில் மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை. அப்பா அம்மா இருவருமே ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள். அம்மாவைப் பெற்ற அய்யா வள்ளம் வைத்துக் கடலுக்குப் போனவர். கல்யாணமான புதிதில் டில்லியில் அவர்கள் இருந்த வாடகை அறையில் மீன் வாடை வருகிறதென்று வீட்டுக்காரர் "காலி கரோ" என்று ஒரே பேச்சில் வெளியே அனுப்பியிருக்கிறார். கைக்குழந்தையான என்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் வைத்துக்கொண்டு அம்மா தெருவில் நின்றிருக்கிறாள். அதனால்தான், பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்துக் குடிவந்த அன்று, மேல்மாடி ராஜம் மாமி ஒரு கூஜா நிறையக் காப்பியோடு இறங்கி வந்து, "நீங்கள்ளாம் சைவம்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது அம்மா தலையாட்டிவிட்டாள். அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு நாங்கள் ஏழெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினோம்.

மாமியைக் குறை சொல்ல முடியாது. குடிவந்த முதல் குளிருக்கு அம்மாவுக்கு "ரஜாய்" என்கிற பஞ்சுப் போர்வை எடுத்துக் கொடுத்தது மாமி. காய்கறிக்காரரிடம் "பையா, தோடா கம் கரோ" என்று விலை குறைத்துக் கேட்கக் கற்றுக்கொடுத்தது மாமி. என் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்ததும் மாமிதான். மாமியின் மகள் சுதாவும் நானும் ஒரே வகுப்பு. அம்மாவின் ரசத்துக்கு மாமி அடிமை. எங்கள் வீட்டில் உரிமையோடு வந்து உட்கார்ந்து, தட்டை நீட்டி, "கொஞ்சம் தெளிவா ஊத்துடி" என்று கேட்டுச் சாப்பிடுகிற ஒரே மனுஷி அவள்தான். ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் அம்மாவுக்கு இருந்த ஒரே துணை அவள். அவளை இழந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான் எங்கள் வீட்டில் ஊதுபத்தியாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போவார். மீனை நாலு சுற்றுக் காகிதத்தில் பொதிந்து பைக்கு அடியில் வைத்து, மேலே முருங்கைக்காயை ஊரே பார்க்கும்படி நீட்டிவிட்டுக்கொண்டு வருவார். ஒரு சாதாரண குமாஸ்தா, நியாயமாகச் சம்பாதித்து வாங்கிய மீனைத் திருட்டுச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு படியேறுவார், எதிரில் மாமி வந்தால் "முருங்கைக்காய் நல்லா இருந்துச்சு" என்று கேட்காமலே சொல்வார். வறுப்பது என்கிற பேச்சே கிடையாது, வாடை தூக்கிவிடும். குழம்பு மட்டும்தான், அதுவும் டி.வி.யைச் சத்தமாக வைத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

மீன் ஆய்கிற அந்த அரைமணி நேரம்தான் அம்மா அம்மாவாக இருப்பாள். பின்பக்கத்துப் பால்கனிக் கதவை ஒருக்களித்து வைத்து, அரிவாள்மனை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் வாய் தானாகக் கடலுக்குப் போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் சுற்றிச் சுற்றி ஓங்கில் கதைக்குத்தான் வருவாள். ஓங்கில் என்றால் டால்பின். "ஓங்கிலு கூட்டமா வந்து சூடை மீனைக் கீழேருந்து வளைச்சு வளைச்சு மேல தள்ளும் தாயி. கீழ போனா ஓங்கிலு, மேல வந்தா ஆலா. தண்ணி வெள்ளியாக் கொதிக்கும்." ஆலா என்பது அவர்கள் ஊர்க் கடற்பறவை, வெள்ளையாய், வால் பிளந்து, தண்ணீருக்கு மேலே நின்று பார்த்துவிட்டுத் தலைகீழாக விழுமாம். அவ்வளவு ஆழத்து மீன் ஆலாவுக்குத் தானாக எட்டாது. ஓங்கில் தள்ளிக்கொண்டு வந்தால்தான் அதற்குச் சாப்பாடு. "அப்ப ஓங்கிலுக்கு ஆலாவால என்ன லாபம்?" என்று நான் கேட்டேன். அம்மா செவுளைப் பிடுங்கிக்கொண்டே யோசித்தாள். "ஒரு லாபமும் கிடையாது. அது பாட்டுக்கு உள்ள வேட்டையாடிக்கிட்டு இருக்கும், இது மேல நின்னு கத்தி ஊருக்கே சொல்லிரும். அதைப் பாத்துத்தான எங்கய்யா வள்ளத்தைத் திருப்புவாக. ஆலா எங்க சுத்துதோ அங்க அடியில ஓங்கிலு இருக்கும்." ஓங்கில் ஒளிந்துகொள்ளாதா என்றேன். "எம்புட்டு நேரம் உள்ளயே கிடக்கும்? அதுவும் மூச்சு விட மேல வந்துதான ஆகணும்" என்றாள்.

அய்யா வலையை இழுத்ததும், அள்ளின மீனில் முதல் பிடியைப் பறவைகளுக்கு வீசிவிடுவாராம், வழி காட்டியதற்குப் பங்கு என்று. அம்மாவின் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மீனை ஆய்ந்து முடித்ததும் குடலையும் செவுளையும் ஒரு பிடியாகச் சேர்த்துப் பால்கனிக்கு வெளியே ஆகாசத்தில் வீசுவாள். டில்லியில் ஆலா ஏது? பருந்துதான் வரும், இங்கே "சீல்" என்பார்கள். அம்மா வீசியது தரையைத் தொடாது. எங்கிருந்தோ ஒன்று சரிந்து வந்து காலால் கவ்விக்கொண்டு போய்விடும். குப்பைத் தொட்டியில் போட்டால் துப்புரவுக்காரி பார்ப்பாள், பூனை இழுக்கும். இதில் தடயமே இல்லை என்று அப்பாவுக்கும் திருப்தி. ஆனால் நாளாக ஆகப் பருந்துகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. அப்பா முருங்கைக்காயோடு தெருமுனை திரும்பும்போதே எங்கள் பின்பக்கத்துக்கு மேலே அவை சுற்ற ஆரம்பித்திருக்கும்.

மீனைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஓங்கிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் சுதாவிடம் அந்தக் கதையை அளந்துவிட்டேன். ஏதோ புத்தகத்தில் படித்த மாதிரி, நோட்டில் படம்கூடப் போட்டுக் காட்டினேன்: மேலே பறவைகள், கீழே ஓங்கில், நடுவில் மாட்டிக்கொண்ட மீன். சுதாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மேலே காக்கை பறந்தால்கூட, "அடியில ஓங்கில் இருக்குடி" என்று சிரிப்பாள்.

ஹோலி முடிந்து வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி மொட்டைமாடியில் வேட்டியை விரித்து அந்த வருஷத்து வடாம் முழுவதையும் பிழிந்து வைத்திருந்தாள். கறுப்புக் குடையோடு காக்கை விரட்டுகிற வேலை எனக்கும் சுதாவுக்கும். அம்மா கீழே மீன் ஆய்கிறாள் என்று எனக்குத் தெரியும். பருந்துகள் வட்டமிடுவதையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒன்று கவ்விக்கொண்டு மேலே வர, இன்னொன்று அதன்மேல் பாய, இரண்டுக்கும் நடக்கிற சண்டையில் கால் நழுவி, ரத்தம் சொட்டுகிற ஒரு செவுள் வெள்ளை வடாத்தின் நடுவில் பொத்தென்று விழுந்தது. சுதா வீறிட்டாள். மாமி ஓடி வந்து பார்த்தாள், கத்தவில்லை. வேட்டியை நாலு மூலையும் சேர்த்து அப்படியே சுருட்டி எடுத்தாள். "எல்லாம் கீழாத்துக்காரி வேலை. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்" என்று இறங்கினாள்.

கீழ்வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அந்தம்மாவை எல்லோரும் அக்கா என்கிற அர்த்தத்தில் "தீதி" என்போம். மாமி போகிற வழியில் எங்கள் கதவைத் தட்டினாள். அம்மா கையைக் கழுவிவிட்டு ஒரு சாண் அகலம் திறந்தாள். உள்ளேயிருந்து ஊதுபத்திப் புகை மாமியின் முகத்தில் போய் மோதியது. "பாரு, அவா நாத்தம் தாங்காம நீ பாவம் வாராவாரம் ஊதுபத்தி ஏத்திண்டு கிடக்கற. வா என்னோட, ரெண்டு பேருமாக் கேப்போம்" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மீன் ஆய்ந்த அந்தக் கையைத்தான். நானும் சுதாவும் பின்னாலேயே போனோம்.

தீதி பின்கட்டு முற்றத்துக்கு வந்து நின்றாள். எண்ணெய் படாத தலை, வெளுத்த பருத்திப் புடவை, நெற்றி வெறுமை. மாமி இந்தியில் படபடவென்று கொட்டி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: இந்த வாரம் கல்கத்தாவில் மாமியார் இறந்துவிட்டார், கணவர் அங்கே போயிருக்கிறார், தீட்டு கழிகிறவரை இந்த வீட்டில் மீன் என்ன, எண்ணெய்கூடக் கிடையாது, ஒருவேளை வெறும் சோறு பொங்கி நெய் விட்டுச் சாப்பிடுகிறோம். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சுதா அண்ணாந்து பார்த்து, பாடம் ஒப்பிக்கிற சந்தோஷத்தோடு சொன்னாள்: "அம்மா, பறவை எங்க சுத்தறதோ அங்கதான் அடியில ஓங்கில் இருக்கும்னு இவ சொன்னாளே. அதோ, இவாத்து பால்கனிக்கு மேலதான் சுத்தறது."

அம்மாவைத் தவிர எல்லோரும் அண்ணாந்தோம். நாலைந்து பருந்துகள் எங்கள் பால்கனிக்கு நேர்மேலே சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று இறங்கி வந்து எங்கள் கம்பியில் உட்கார்ந்து, இன்னும் வருமா என்று உள்ளே எட்டிப் பார்த்தது. தான் சொன்ன வார்த்தையை அடுத்த வீட்டுக் குழந்தை வாயிலிருந்து கேட்ட அம்மா நிமிரவே இல்லை. "எங்க வீடுதான்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், துக்கத்தில் நிற்கிற ஒருத்திமேல் விழுந்த பழி போய்விடும். எனக்குப் பத்து வயது, அது எனக்கும் நன்றாகப் புரிந்தது. ஆனாலும், சொல்லிவிடாதே அம்மா, சொல்லிவிடாதே என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அம்மா சொல்லவில்லை. தீதிதான் பேசினாள். "சீல் தோ கஹீன் ஸே பீ லே ஆதீ ஹை," பருந்து எங்கிருந்து வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வரும் என்று. மாமிக்குச் சொல்கிற பதிலை அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். மீன் தின்கிறவர்களுக்கு இன்னொரு வீட்டு மீன் வாசம் தெரியாதா? எந்த ஊதுபத்தியாலும் அவள் மூக்கை மறைத்திருக்க முடியாது. எல்லாம் தெரிந்திருந்தும் எங்களை மூடிக் காப்பாற்றினாள்.

அதன்பிறகு சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. மாமி சிரித்தாள், பேசினாள், தம்பிக்குச் சளி என்றால் கஷாயம் கொடுத்தனுப்பினாள். சாப்பிட மட்டும் உட்காரவில்லை. இன்றைக்கு ஏகாதசி, நாளைக்குச் சனிக்கிழமை, இப்போதுதான் காப்பி குடித்தேன் என்று ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். அம்மாவும் ஒவ்வொரு முறையும் "அப்படியா மாமி" என்று நம்புகிற மாதிரியே கேட்டுக்கொண்டாள். ரசம் வைக்கிற அன்றெல்லாம் ஒரு தட்டு அதிகமாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் கவிழ்ப்பாள். பால்கனிக் கதவு ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கவில்லை; கழிவைப் பையில் கட்டி அப்பா ஸ்கூட்டரில் எடுத்துப்போய் எங்கோ போட்டுவிட்டு வருவார். பருந்துகள் சில வாரம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டன. தீதி வீட்டுக்குத் துக்கம் கேட்கக்கூட அம்மா போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்? அவர்கள் மாற்றலாகிக் கல்கத்தாவுக்குக் கிளம்பிய அன்று, அம்மா ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று லாரியில் சாமான் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குடியிருப்பை இப்போது இடித்துவிட்டார்கள். முற்றமும் இல்லை, மொட்டைமாடியும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். அம்மா என்னோடு டில்லியிலேயே துவாரகா பக்கம், ஒரு சொசைட்டி பிளாட்டில் இருக்கிறாள். அந்த வீட்டை வாடகைக்குப் பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மாள், "வெஜிடேரியன் தானே?" என்று கேட்டார். நான் படித்தவள், சம்பாதிக்கிறவள், நாற்பது வயதைத் தாண்டியவள். என் தலை தானாக ஆடியது. பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இப்போது மீனைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். போனில் சொன்னால் ஆய்ந்து, அலசி, வாடையில்லாமல் பாக்கெட்டில் வருகிறது. வீசுவதற்குக் குடலும் இல்லை, செவுளும் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சமையலறையில் ஊதுபத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா பாக்கெட்டைப் பிரித்து, நல்ல துண்டாக ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நான் கூப்பிடுவதற்குள் அதை ஆகாசத்தில் வீசிவிட்டாள். அங்கே பருந்து ஒன்றும் இல்லை. துண்டு நேராகப் போய்க் கீழே நின்ற யாருடைய காரின்மேலோ விழுந்தது. வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு அண்ணாந்து, "யே கிஸ்கா ஹை?" இது யாருடையது என்று கத்தினார். அக்கம்பக்கத்து பால்கனிகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஹமாரா ஹை, பையா," எங்களுடையதுதான் என்றாள்.

நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.