மரியதாஸ் கொடுத்த இரண்டு மாநிலங்கள்

ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து, மரியதாஸின் அறையில் தங்கியிருக்கும் முருகேசன் காலையிலேயே போன் செய்தார். "டீச்சர், மரியதாஸ் அண்ணன் போயிட்டாரு. டூட்டிக்கு நேரமாச்சேன்னு எழுப்புனேன், எந்திரிக்கல."

இரண்டு நாள் கழித்து நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் அழைத்தார். "மேடம், சங்க ஆண்டு மலர்ல மரியதாஸுக்கு ஒரு பக்கம் வச்சிருக்கோம். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க." இத்தனை வருடங்களில் சங்கம் கேட்ட எதற்கும் நான் சம்மதித்ததில்லை. உடனே சரி என்றதும் அவருக்கு மகிழ்ச்சி. நல்லதாகவே எழுதுகிறேன்.

மரியதாஸ் மணப்பாட்டுக்காரர். இந்த அரபு நாட்டில் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். வரலாற்றில் எம்.ஏ. முடித்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது; நீங்கள் கேட்டதில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு இடையே அமெரிக்காவில் நடந்த தேர்தல்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். நான் பணிபுரியும் பள்ளிக்குப் பழைய அட்லஸ் கேட்டு வந்தபோது, நம்பாமல் ஒரு கேள்வி கேட்டேன். நின்றபடியே பதில் சொன்னார். "1928ல குடியரசுக் கட்சி அள்ளிட்டுப் போச்சு. நாலே வருசம், அதே சனங்க தூக்கி எறிஞ்சுட்டாங்க. பொறுக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் தேர்தல், டீச்சர்."

நான்கு வருடங்களுக்கு முன் நடந்த சங்கத் தேர்தல் நினைவிருக்கும். தலைவருக்கே ஆதரவு என்று வீடு வீடாகப் போன் போட்டுக் கணித்தீர்கள். மரியதாஸ் சிரித்தார். 1936இல் ஒரு பத்திரிகை டெலிபோன் புத்தகத்தையும் கார் வைத்திருப்போர் பட்டியலையும் பார்த்து லட்சக்கணக்கானவர்களிடம் கருத்துக் கேட்டு, தோற்கப்போகிறவர் வெல்வார் என்று அறிவித்ததாம். "போன் வச்சிருக்கவன்ட்ட மட்டும் கேட்டா, போன் வச்சிருக்கவன் பதில்தானே வரும்?" என்றார். லீவு நாள்களில் கேம்ப் கேம்ப்பாகப் போய் ஆட்களை உறுப்பினராக்கினார்.

தேர்தலன்று இரண்டு பஸ்களில் வந்தார்கள், எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில். ஹால் வாசலில் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது: குடும்ப விசா உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த கேம்ப்காரர்கள் யாருக்கும் அது கிடையாது.

"என்ன சார், நேத்து வரைக்கும் இல்லாத ரூல்ஸு?" என்றார் முருகேசன்.

"கமிட்டி முடிவு. கலாஸ், முடிஞ்சுபோச்சு. வெயில்ல நிக்காதீங்க, போங்க பாய்" என்றார் செயலாளர்.

மரியதாஸ் குரலை உயர்த்தவில்லை. அறிவிப்பின் ஒரு பிரதியை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். சரித்திரத்துக்கு வேணும்." செயலாளர் பெருமையாகப் போட்டார்.

எனக்குக் குடும்ப விசா உண்டு. அந்த வரிசையைக் கடந்து உள்ளே போய் ஓட்டுப் போட்டேன். இதை மறைத்துவிட்டு உங்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

முடிவு அறிவித்ததும் மரியதாஸ் மேடையேறித் தலைவருக்குக் கைகொடுத்தார். "வாழ்த்துக்கள் சார். கேம்ப்காரங்களையும் உள்ள விட்டிருந்தா, 1936ல கெடச்ச மாதிரி ரெண்டு மாநிலம் உங்களுக்குத்தான்." தலைவர் பூரித்துப்போனார். அன்று முதல் வரும் விருந்தினர்களிடமெல்லாம், "நம்ம மரியதாஸ் என்னைய ரெண்டு மாநிலம் ஜெயிச்சவர்னு சொல்லுவார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தூதரக அதிகாரியிடம்கூடச் சொன்னார். மரியதாஸ் பின்வரிசையில் கைதட்டுவார்.

தலைவர் அவர்களே, 1936இல் அமெரிக்காவில் நாற்பத்தெட்டு மாநிலங்கள் இருந்தன. இரண்டு மாநிலங்களை வென்றவர் தோற்றவர்.

முருகேசன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்த மரியதாஸின் வரலாற்று நோட்டுகளைச் சங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டார். தர மாட்டேன். அவற்றுக்குள் செயலாளர் கையெழுத்திட்ட அந்த அறிவிப்பும் இருந்தது; அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெட்டியில் அதை வையுங்கள். அசல் என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதத் தேர்தலில் தலைவர் பதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன். கேம்ப்பிலிருந்து இந்த முறையும் பஸ்கள் வரும். அவர்களை உள்ளே விடும் வரை நானும் வாசலைத் தாண்ட மாட்டேன்.

மரியதாஸ் விட்டுப்போனதில் அந்தத் தாளை வைத்துக்கொண்டேன். அவருடைய பொறுமையை வைத்துக்கொள்ளவில்லை.