நாலு பேர் கேமில் முதலில் அவுட் ஆகிறவர்

1. பிய்ந்து வந்த நாப்

தாராவியில் ஜமால் பாயின் ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பாய் மேலப்பாளையத்துக்காரர். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்வது அவர் தொழில். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்த என்னை அவர் எடுத்தது டிவி கேம் செய்வதற்காக. வீட்டில் பாங்க் பரீட்சை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று இருந்தது.

எங்கள் கேம் ஒரு தகரப் பெட்டி. அதிலிருந்து நான்கு ஒயர்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நாப். டிவியில் சொருகினால் திரையின் நான்கு ஓரங்களிலும் ஆளுக்கொரு மட்டை தெரியும். நாப்பைத் திருகினால் மட்டை நகரும். பந்தைத் தன் ஓரத்தில் தவறவிட்டால் ஓர் உயிர் போகும். மூன்று உயிரும் போனால் அவுட். அந்த ஓரம் சுவராகிவிடும். கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். அவருக்கு ஒரு சின்ன ட்யூன் வரும். அவுட் ஆனவருக்கு மேலிருந்து கீழே சரிகிற ஒரு ‘டுய்ய்ங்’. இரண்டையும் நான்தான் எழுதினேன்.

அந்தப் பெட்டியோடு ஒரு நாள் பத்மா மாமி வந்தார். செம்பூரில் பிறந்தநாள் பார்ட்டிகளுக்கு நாற்காலி, பலூன், டேப்ரெக்கார்டர் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர். எங்கள் கேமுக்கு அப்போது அவர் ஒருவர்தான் வாடிக்கையாளர். ஒரு நாப் ஒயரோடு பிய்ந்து அவர் கையில் தொங்கியது.

“பொறந்தநாள் குழந்தையே முதல்ல அவுட்டுடி வசந்தி! அதுக்கு மேல இந்தப் பொட்டி வேற டுய்ய்ங்கறது. எல்லா வாண்டும் அவனைப் பாத்து டுய்ய்ங், டுய்ய்ங்னு கத்தித்துகள். நாப்பைப் பிச்சு எறிஞ்சுட்டு பாத்ரூம்ல போய்த் தாப்பாள் போட்டுண்டுடுத்து. கேக் வெட்ட ஆளில்லை!”

“நீங்களே வெட்டியிருக்க வேண்டியதுதானே மாமி?” என்றார் பாய்.

“சிரிக்காதீங்கோ பாய். அடுத்த பார்ட்டியில ஒரு குழந்தை அழுதாலும் பொட்டி இங்க திரும்பி வந்துடும். அப்புறம் என்னண்ட கேக்கப்படாது.”

மாமி போன பிறகு பாய் சிரிக்கவில்லை. “கேட்டியாம்மா? இந்த கேம் யாவாரம் ஓடலன்னா மறுபடி ஸ்டெபிலைசர்தான். அதுக்குக் கம்பிக் காயில் சுத்துத ஆளு போதும். உனக்கு இங்க என்ன வேலை இருக்கும், சொல்லு?”

“சரி பண்ணிடறேன் பாய்,” என்றேன்.

2. யாருக்கும் தெரியாமல் ஓர் உதவி

நான் செய்த மாற்றங்கள் இவை. உயிர் குறைந்தவரின் மட்டை கொஞ்சம் நீளும். அவரை நோக்கி வரும் பந்து கொஞ்சம் மெதுவாகும். முன்னால் இருப்பவருக்குப் பந்து கொஞ்சம் வேகமாக வரும். எல்லாமே ‘கொஞ்சம்’தான், கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று அளந்து வைத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் சோதித்தோம். பாய், நான், காயில் சுற்றும் செல்வி, தகர வேலை பார்க்கும் முருகேசன். அதுவரை எப்போதும் முதலில் அவுட் ஆகிற பாய் அன்று கடைசி வரை நின்றார்.

“பாத்தியால முருகேசா, கை படிஞ்சிருச்சி! விளையாட்டுக்கு வயசெல்லாம் கெடையாது.”

“ஆமா முதலாளி, உங்க கை ராசி,” என்றான் முருகேசன். அவனுக்கும் விஷயம் தெரியாது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

3. செம்பூர் பார்ட்டி

அடுத்த பார்ட்டிக்கு நானும் போனேன். மாமி சமையலறைப் பக்கம் இருந்தார். நான் பெட்டியின் அருகில் நின்றேன். ரவி என்கிற பையன், அவன் தங்கை உமா, இன்னும் இரண்டு பேர் ஆடினார்கள். உமாவுக்கு ஏழெட்டு வயது இருக்கும். கடைசி உயிரில் இருந்தாள். பந்து அவளிடம் போய்ப் போய்த் திரும்பியது.

“ஏ, சீட்டிங்!” என்று ரவி கத்தினான். “பால் அவகிட்ட போறப்ப மட்டும் ஸ்லோவாறது! யே மெஷின் சீட்டர் ஹை!”

உமா நாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பந்து மெதுவாக வந்து, நீண்டு கிடந்த மட்டையில் தானாகவே பட்டுத் திரும்பியது. அவள் என்னைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, நான் என்ன கச்சா லிம்புவா?”

பம்பாய்ப் பிள்ளைகள் தெரு விளையாட்டில் மிகச் சின்னவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குழந்தை அவுட் ஆனாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் கணக்கு இல்லை. அதற்குத்தான் அந்தப் பெயர், பழுக்காத எலுமிச்சங்காய். கொஞ்ச நாளில் எந்தக் குழந்தையும் அதை வெறுக்கும்.

உமா அழவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ரவியும் நாப்பை வைத்துவிட்டு இறங்கினான். மற்றவர்களும் போனார்கள். பந்து யாரும் ஆடாத திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

மாமி எட்டிப் பார்த்தார். “யாரும் அழலையோன்னோ? அது போறும். இதையே வெச்சுக்கோ.”

ஆர்டர் தப்பித்தது. ஆனால் கேமில் ஆள் இல்லை. நான் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன்.

4. காம்பவுண்டில்

கீழே ‘விஷ் அம்ருத்’ நடந்துகொண்டிருந்தது. துரத்துகிறவன் தொட்டால் விஷம். தொடப்பட்டவர் நின்ற இடத்திலேயே உறைய வேண்டும். வேறு யாராவது வந்து தொட்டால் அமிர்தம், மறுபடி ஓடலாம். நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் அன்றுதான் உறைந்து நின்றவர்களைக் கவனித்தேன்.

ஓடுகிறவர்களைவிட அவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். “அம்ருத் தே! இங்க வா! அவன் அந்தப் பக்கம் போயிட்டான், இப்ப வா!” உமா ஒரு காலைத் தூக்கியபடி உறைந்திருந்தாள். சற்று முன் அவளோடு சண்டை போட்ட ரவி ஓடிவந்து அவள் முதுகில் ஒன்று போட்டுவிட்டு ஓடினான். அவளும் ஓடினாள்.

அவளுக்கு உதவி கிடைத்தது. எல்லோரும் பார்க்கக் கிடைத்தது. கேட்டு வாங்கினாள். கொடுத்தவன் மாட்டிக்கொள்ளும் ஆபத்தோடு வந்து கொடுத்தான். என் கேமில் இந்த மூன்றுமே இல்லை.

5. ஈப்ராமில் இடம் இல்லை

கேமை மறுபடி மாற்ற வேண்டும் என்று மறுநாள் பாயிடம் சொன்னேன்.

“மாமியே சரின்னுட்டாவோ. ஓடுத வண்டிய நிறுத்தி எதுக்கும்மா எஞ்சினக் கழத்துத?”

“வண்டி ஓடறது பாய். உள்ள ஆள் இல்லை.”

அவர் என்னையே பார்த்தார். “அடுத்த பார்ட்டியில ஒரு புள்ள அழுதுச்சின்னா?”

“நான் வேலையை விட்டுடறேன்.”

யோசித்துச் சொன்னேனா என்று இப்போது கேட்டால் தெரியாது. ஆனால் மாற்றிச் சொல்லும் எண்ணம் இல்லை.

புது விதி இது. மறைவான உதவி எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மட்டை, ஒரே வேகம். அவுட் ஆனவரின் சுவர் நடுவில் ஒரு சின்னக் கட்டம் மின்னும். வேறு யாராவது அடித்த பந்து அதில் பட்டால் அவர் ஓர் உயிரோடு திரும்புவார். ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரு முறை மட்டும்.

இதை எழுத ஈப்ராமில், அதாவது கேமின் புரோகிராம் பதிகிற சில்லில், இடம் போதவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். ஜெயித்தவரின் ட்யூனை எடுக்க மனமில்லை; ஜெயித்தவருக்கு அது உரியது. ‘டுய்ய்ங்’கை எடுத்தேன். சரியாக இடம் கிடைத்தது.

“எல்லாம் சரி. எதிரிய எவனாவது எழுப்பி விடுவானாம்மா?” என்றார் பாய்.

ஆடிப் பார்த்தோம். மறைவான உதவி இல்லாததால் பாய் வழக்கம்போல முதலில் அவுட். முருகேசன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பாய் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஏ செல்வி, இங்க அடிம்மா! என்னைய எழுப்பி விடு, ரெண்டு பேருமாச் சேந்து இவன முடிச்சிருவோம்!”

“எழுப்பி விட்டா என்னைய அடிக்க மாட்டியளே பாய்?”

“அல்லா மேல சத்தியமா மாட்டேன்!”

செல்வி எழுப்பிவிட்டாள். பாய் முதல் அடியிலேயே, ஒரே உயிரோடு இருந்த அவளை அவுட் ஆக்கினார். செல்வி காயில் கட்டுகிற நூல்கண்டை எடுத்து அவர் மேல் எறிந்தாள். அதற்குப் பிறகு பாய் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

6. மாட்டுங்கா

மூன்றாவது பார்ட்டி மாட்டுங்காவில் ஒரு பெரிய வீட்டில். மாமி இந்த முறை டிவி பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். முதல் இரண்டு ஆட்டமும் ஒரே கூச்சல். மூன்றாவதில் கணேஷ் என்கிற குண்டுப் பையன் அவுட் ஆனான். பிந்து என்கிற பெண் அவனை எழுப்பினாள். உடனே மறுபடி அவுட். இனி அவன் திரும்ப முடியாது. அவன் முகம் கோணியது. விக்கி விக்கி அழ ஆரம்பித்தான்.

மாமி எழுந்தார். “நான் சொன்னேனோல்லியோ?” ஸ்விட்சை நோக்கிக் கை போனது. நான் தடுக்கவில்லை. தடுக்க என்ன காரணம் சொல்வது?

“ஆன்ட்டி, ஆஃப் பண்ணாதீங்கோ!” என்று கணேஷ் அலறினான். மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “என்னை அவுட் ஆக்கினவன் இன்னும் உள்ள இருக்கான்! ஏ பிந்து, லெஃப்ட்ல போடு! அவனுக்கு லெஃப்ட் வராது! லெஃப்ட்ல!”

கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அவன் பிந்துவின் தோள்மேல் ஏறாத குறையாக நின்றான். மாமியின் கை ஸ்விட்சின் மேலேயே நின்றது. பிந்து இடது பக்கம் அடித்தாள். அந்தப் பையன் தவறவிட்டான். கணேஷ் குதித்த குதியில் டிவி மேசை ஆடியது.

மாமி உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “இன்னும் ரெண்டு பொட்டி வேணும். ஒயரை நீளமாப் போடு, தள்ளி உக்காந்து ஆடட்டும். அவுட் ஆனதுகள்லாம் டிவியோடயே ஒட்டிண்டு நிக்கறதுகள், பின்னால இருக்கறவாளுக்கு ஒண்ணும் தெரியலை.”

ஒயரை நீளமாகப் போட்டோம். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் நான் சொல்வது ஒன்று உண்டு. கேமைச் சோதிக்கப் போனால் திரையைப் பார்க்காதீர்கள், ஜெயிக்கிறவரையும் பார்க்காதீர்கள். அவர் எப்படியும் சந்தோஷமாக இருப்பார். தோற்றவர் அழுதால்கூடப் பயப்பட வேண்டாம். அவர் எங்கே போய் நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். வாசல் பக்கம் போனால் பெட்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவாருங்கள்.